கையில் கேமரா... பையில் காசா?

('ஊரை விட்டுப் போகாமலே இணையத்தில் படம் விற்றுப் பிழைக்கலாம்' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், 'கைச்செலவுக்கு ஆகும், குடும்பத்துக்கு ஆகாது' என்ற பக்கத்தில் ஒலித்த உரை வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



எதிரணியில் பேசிய பெக்கோக் தம்பி ஒரே ஒரு படத்தைச் சொல்லி இந்த அரங்கத்தையே கட்டிப் போட்டு விட்டார். பச்சைப் புல் மேடு, மேலே நீல வானம், அதில் கொஞ்சம் வெள்ளை மேகம். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு கணினியைத் திறந்தவர்கள் எல்லாரும் பார்த்த படம். அதை எடுத்தவர் சார்லஸ் ஓ'ரியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் காரில் போய்க் கொண்டிருந்தவர், மழைக்குப் பிறகு பச்சை பிடித்திருந்த மேட்டைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி எடுத்தார். அதன் உரிமையை மைக்ரோசாஃப்ட் மொத்தமாக வாங்கிக் கொண்டது. விலையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் அந்த மதிப்புக்குக் காப்புறுதி கொடுத்து மூலப் படத்தை எடுத்துப் போகக் கூரியர் கம்பெனிகள் முன்வரவில்லை. கடைசியில் அவரே விமானம் ஏறிப் போய்க் கையில் கொடுத்தார்!

"ஒரு புல் மேட்டுக்கே அந்த விலை என்றால், எங்கள் பெக்கோக்கில் இல்லாத பச்சையா?" என்று கேட்டுத் தம்பி கைதட்டல் வாங்கினார். நியாயமான கேள்விதான். ஜோகூரில் சிகாமட் மாவட்டத்துச் சின்ன ஊர் பெக்கோக். ரயில் நிலையம் இருக்கிறது. சுங்கை பந்தாங் அருவி இருக்கிறது. செலாய் வழியாக எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வாசற்படி. சுற்றிலும் செம்பனை, ரப்பர். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைதான். பச்சைக்கா பஞ்சம்?

பச்சைக்குப் பஞ்சமில்லை, ஐயா. விலைக்குத்தான் பஞ்சம்.

அந்தப் புல் மேடு விலை போனது 2000-ஆம் ஆண்டு வாக்கில். அதே 2000-இல்தான் கனடாவின் கல்காரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டோன் என்பவர் 'ஐஸ்டாக்போட்டோ' என்ற தளத்தைத் தொடங்கினார். முதலில் படங்களைச் சும்மா பகிர்ந்து கொள்ளும் இடமாக இருந்தது. பிறகு சில்லறைக் காசுக்கு விற்கும் கடை ஆனது. ஒரு படம் பெரிய விலைக்குப் போன அதே காலத்தில், படத்தின் விலையைத் தரையில் இறக்கும் கடைக்கும் கதவு திறந்து விட்டது. தம்பி முதல் கதையைச் சொன்னார். இரண்டாவது கதையை யாராவது சொல்ல வேண்டாமா?

2006 ஜூனில் 'வயர்டு' என்ற அமெரிக்க இதழில் ஜெஃப் ஹோவ் எழுதிய கட்டுரை ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறது. அருங்காட்சியகம் ஒன்றுக்கு நோயாளிகளின் படங்கள் தேவைப்பட்டன. மார்க் ஹார்மெல் என்ற தொழில்முறைப் புகைப்படக்காரர், பொதுப் பணி என்பதால் விலையைக் குறைத்து, படத்துக்கு 100 முதல் 150 டாலர் வரை கேட்டார். அருங்காட்சியகத்தார் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார்கள். அப்போது இந்தத் தளம் கண்ணில் பட்டது. அங்கே படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 டாலர். பேச்சு அத்தோடு முடிந்தது. 150 டாலர் வாங்கித் தொழிலாக வைத்திருந்தவரை, வேறு வேலை பார்த்துக் கொண்டே 1 டாலருக்கு விற்றவர்கள் வெளியே தள்ளினார்கள். இன்று அந்த 1 டாலர்க்காரர்களின் வரிசையில் போய் நில்லுங்கள் என்றுதான் பெக்கோக் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது.

கடை வைத்தவர்கள் என்ன ஆனார்கள்? ஐஸ்டாக்போட்டோவை 2006-இல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2005-இல் வந்த ஃபோட்டோலியாவை அடோபி 80 கோடி டாலருக்கு வாங்குவதாக 2014 டிசம்பரில் அறிவித்து, மறு மாதமே கையகப்படுத்தியது. படம் எடுத்தவனுக்குச் சென்ட், கடை போட்டவனுக்குக் கோடி! (கைதட்டல்.) நம் நாடும் சளைத்ததில்லை. மலேசியாவில் வேர்விட்ட இன்மேஜின் குழுமம் 2005-இல் தொடங்கிய '123ஆர்எஃப்' உலகம் முழுக்கப் படம் விற்கிறது. ஆக, இந்தத் தொழிலில் காசு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காசு யார் பைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்குப் போடாமல் கனவு காணக் கூடாது.

2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் ஒரு சென் கூட வேண்டாம், அதையே படம் விற்று எடுப்போம் என்று வைத்துக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க 1 டாலருக்கு 4 ரிங்கிட் என்று எடுத்தால், மாதம் 425 டாலர் வேண்டும். படம் ஒரு முறை டவுன்லோட் ஆனால் 33 அமெரிக்க சென்ட் கிடைக்கிறது என்று நல்ல மனதோடு வைப்போம். மாதம் ஏறத்தாழ 1,290 முறை விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 43. தீபாவளிக்கும் லீவு கிடையாது.

நூறு படம் போட்டால் மாதம் பத்து விற்கும் என்று வைத்துக் கொண்டாலும், 1,290 விற்க 12,900 படங்கள் கடையில் இருக்க வேண்டும். தம்பி தினமும் பத்து நல்ல படம் எடுத்து, திருத்தி, விவரம் எழுதி ஏற்றுகிறார், ஒன்றையும் அவர்கள் தள்ளுபடி செய்யவில்லை என்றே வைப்போம். 12,900 படம் சேர மூன்றரை வருடம் ஆகும். அந்த மூன்றரை வருடம் வீட்டில் சோறு யார் போடுவது? (கைதட்டல், சிரிப்பு.)

33 சென்ட் என்றது நல்ல நாள் கணக்கு. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் ஒரு புதிய முறை கொண்டு வந்தது. படம் எடுத்தவரின் பங்கு 15 விழுக்காட்டில் தொடங்கும். விற்க விற்கப் படிப்படியாக 40 விழுக்காடு வரை ஏறும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லாரும் மறுபடி முதல் படிக்கட்டுக்கே வந்து விட வேண்டும். பரமபதத்தில் பாம்பு எப்போதாவதுதான் கடிக்கும். இங்கே வருடா வருடம், அதுவும் தேதி சொல்லிக் கடிக்கும்! ஒரு விற்பனைக்கு 10 சென்ட் வரை இறங்கியது. உலகம் முழுக்கப் புகைப்படக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நிறுவனம் முறையை மாற்றவில்லை. அந்த 10 சென்ட் கணக்கில் பார்த்தால், 1,700 ரிங்கிட்டுக்கு மாதம் 4,250 விற்பனை.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. வரி. அமெரிக்க நிறுவனம் வழியாக அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்ற படத்தின் பங்கில் அந்த நாட்டு வரி பிடித்தம் உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால், படிவத்தை முறையாக நிரப்பிய தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு 15 விழுக்காடுதான் பிடிப்பார்கள். மலேசியாவுக்கு அமெரிக்காவோடு அப்படிப்பட்ட வருமான வரி உடன்படிக்கை இல்லை. பெக்கோக் பிள்ளைக்கு 30 விழுக்காடு போய் விடும். அங்கே விற்ற 100 டாலரில் மதுரைக்காரர் 85 வாங்குவார், பெக்கோக்காரர் 70 வாங்குவார். இதையெல்லாம் தெரிந்து கொண்டு இறங்குவது வேறு. 'டாலர் கொட்டும்' என்று கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறவர் பேச்சைக் கேட்டு இறங்குவது வேறு.

எதிரணித் தங்கை ஒருவர், "உலகத்தில் இதை வைத்து வாழ்ந்தவரே இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார்கள், அம்மா. டென்மார்க்கைச் சேர்ந்த யூரி ஆர்கர்ஸ். இந்த மலிவு விலைப் பட உலகில் அதிகம் விற்றவர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் அவர் தனி ஆளாக ஒரு கேமராவோடு நிற்கவில்லை. ஸ்டுடியோ, மாடல்கள், படம் திருத்த ஆட்கள், விவரம் எழுத ஆட்கள் என்று ஒரு தொழிற்சாலையே நடத்தினார். அப்படிப்பட்டவரே 2013-இல் மற்றக் கடைகளிலிருந்து படங்களை எடுத்துக் கொண்டு கெட்டி குழுமத்தோடு தனி ஒப்பந்தத்துக்குப் போய் விட்டார். ஷட்டர்ஸ்டாக்கை 2003-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஜான் ஒரிங்கரும், தாமே எடுத்த 30,000 படங்களை வைத்துத்தான் கடை திறந்தார். முதல் நாளிலிருந்தே இது எண்ணிக்கை வியாபாரம். நூறு படம் வைத்திருப்பவர் அங்கே போவது, ஒரு கூடை மீனோடு துறைமுகத்துக்குப் போவது போல.

இலவசம் என்ற இன்னொரு எதிரியும் வந்தாயிற்று. அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சபே என்ற தளங்களில் நல்ல நல்ல படங்கள் சும்மாவே கிடைக்கின்றன. பெக்சல்ஸையும் பிக்சபேயையும் 2019-இல் கேன்வா வாங்கியது. அன்ஸ்பிளாஷை 2021-இல் கெட்டி வாங்கியது. சும்மா கொடுக்கும் கடைக்கும் ஒரு முதலாளி கிடைத்து விட்டார்!

அடுத்து செயற்கை நுண்ணறிவு. 2022 டிசம்பரிலிருந்து அடோபி தன் கடையில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களையும், அடையாளக் குறிப்போடு, ஏற்கத் தொடங்கியது. 2023 மார்ச்சில் 'ஃபயர்ஃபிளை' என்ற படம் செய்யும் கருவியையும் வெளியிட்டது. அது எதைப் பார்த்துப் படித்தது? அந்தக் கடையில் மனிதர்கள் எடுத்துப் போட்ட படங்களை வைத்துத்தான் பெரும்பாலும் படித்தது. அதற்காகப் படக்காரர்களுக்கு ஒரு போனஸ் கொடுத்தார்கள். கெட்டி நிறுவனமோ 2022 செப்டம்பரிலேயே இப்படிப்பட்ட படங்களை வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப் போவதாகச் சொன்னார்கள். யானைகளே ஒன்றையொன்று அணைத்துக் கொண்டு நிற்கும் காட்டில், முயலை நம்பிக் குடும்பத்தை விடலாமா?

அப்படியானால் கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டு விடலாமா? கூடாது. இந்தப் பக்கம் சொல்வது அது இல்லை. பெக்கோக் பிள்ளைக்கு மட்டும் சொந்தமான சரக்கு ஒன்று இருக்கிறது. அதை விட்டு விட்டுப் புல் மேட்டை எடுக்காதீர்கள் என்பதுதான் வேண்டுகோள்.

சூரியன் மறைவது, பூவில் தேனீ, தட்டில் பழம். இவை உலகத்தில் எல்லாரிடமும் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவும் நொடியில் செய்து தரும். ஆனால் பால் வெட்டு? ரப்பர் மரத்தின் பட்டையில் வெட்டு இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழாகச் சாய்ந்து வரும். ஏன்? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லை, சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும், பால் கூடுதலாக வடியும். விடியற்காலையில் வெட்டுவது ஏன்? வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் குறைந்து விடும். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், பட்டை சரியாக வளராது. இது எந்தக் கணினிக்குச் சொந்த அனுபவம்? அழகுக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடும் வெளியூர் வடிவமைப்பாளருக்கு வெட்டின் திசை மாறியது தெரியாது. பால் வெட்டியவர் மகளுக்குப் பார்த்த உடனே தெரியும்.

செம்பனையும் அப்படித்தான். இளம் மரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீளக் கம்பில் கட்டிய அரிவாள். குலை பழுத்ததா என்பதை அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்துச் சொல்வார்கள். உலகில் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த நாடு மலேசியா. அதைப் பற்றி எழுதாத வணிகப் பத்திரிகை கிடையாது, பாடப் புத்தகம் கிடையாது. அவர்களுக்கெல்லாம் படம் வேண்டும். அழகான படம் மட்டும் போதாது, சரியான படம் வேண்டும். எந்த ஊர், எந்தப் பருவம், கையில் என்ன கருவி, என்ன வேலை நடக்கிறது என்று நாலு வரி சரியாக எழுதத் தெரிந்த படக்காரர் வேண்டும்.

தேடுகிறவர் கண்ணில் படுவது அந்த நாலு வரியால்தான். கடைகள் ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஐம்பது குறிச்சொற்கள் வரை எழுத இடம் கொடுக்கின்றன. 'பச்சை, இயற்கை, மரம்' என்று எழுதினால் கோடிக்கணக்கான படங்களுக்கு அடியில் போய் விடும். 'ஜோகூர், பெக்கோக், ரப்பர் பால் வெட்டு, விடியற்காலை' என்று எழுதினால், தேடுகிறவர் பத்தே பேர் என்றாலும் அந்தப் பத்துப் பேரும் வந்து நிற்பது உங்கள் வாசலில். தைப்பூசக் காவடிக்கும் பொங்கலுக்கும் இதே விதிதான். வடநாட்டு வீட்டின் தீபாவளிப் படத்தைப் போட்டு நமக்கு வாழ்த்துச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, சரியான படத்தை நம் பிள்ளைகள் எடுத்து வைத்தால்தானே அவர்கள் எடுத்துப் போடுவார்கள்?

எடுக்கும்போது கவனம் வேண்டும். கோலாலம்பூர் போய் இரட்டைக் கோபுரத்தைத் தனியாக எடுத்து விளம்பரத்துக்கு விற்கலாம் என்று நினைக்காதீர்கள். அது கடைகளின் தடைப் பட்டியலில் இருக்கும் கட்டடம். தேசியப் பூங்காவுக்குள் போவதென்றால் அனுமதியோடு போங்கள். படம் விற்பனைக்கு என்றால் அதையும் சொல்லியே கேளுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவனம் ஒன்று உண்டு. மனிதர் முகம். ஹங்கேரி நாட்டில் ஆண்ட்ராஷ் அராட்டோ என்ற மின் பொறியாளர் இருக்கிறார். ஒரு புகைப்படக்காரர் கேட்டதற்காக விற்பனைப் படங்களுக்கு நின்றார். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, 2011-இல், இணையத்தில் தன் முகத்தைத் தேடிப் பார்த்தால், ஒரு இடத்தில் அவர் டாக்டர்! இன்னொரு இடத்தில் ஊரே வைத்துச் சிரிக்கும் கேலிப் படம். 'வலியை மறைக்கும் ஹெரால்டு' என்று பெயரே வைத்து விட்டார்கள். எடுத்து விடச் சொல்லலாமா என்று யோசித்தார். உலகம் முழுக்கப் பரவியதை யார் எடுப்பது? முடியாது என்று புரிந்தது. அவர் மனத்திடம் உள்ளவர். அந்தப் புகழையே ஏற்றுக் கொண்டு நாடு நாடாகப் போய்ப் பேசினார்.

ஆனால் அவர் படித்தவர், கையெழுத்துக்கு அர்த்தம் தெரிந்தவர். தோட்டத்து லயத்தில் வாசற்படியில் வெற்றிலை இடித்துக் கொண்டிருக்கும் ஆயாவுக்கு அது தெரியுமா? கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் அந்த முகம் நாளைக்கு எந்த நாட்டில், எந்த மருந்துக்கு, எந்த ஏழ்மைப் பிரசாரத்துக்கு விளம்பரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால் அவருடைய ஒப்புதல் கையெழுத்து வேண்டும். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பன் கையெழுத்து வேண்டும். அது இங்கிலீஷ் படிவம். அதில் விரல் வைக்கச் சொல்வதற்கு முன்னால், "ஆயா, இந்தப் படம் ஊர் உலகம் எல்லாம் போகும், திரும்பி வாங்க முடியாது, எனக்கே இதற்குச் சில்லறைதான் வரும், சம்மதமா?" என்று தமிழில் கேட்க வேண்டும். செலாய் பக்கத்து ஜக்கூன் கிராமங்களில் அவர்கள் புரிந்து கொள்ளும் மொழியில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கேமராவை மூடி விட வேண்டும். 33 சென்ட்டுக்கு ஒருவர் மானத்தை விற்கிற உரிமை யாருக்கும் இல்லை. (நீண்ட கைதட்டல்.)

நடுவர் ஐயா அவர்களே, கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருந்தால் குழம்புக்குக் காய் வாங்கும் செலவு மிச்சம். அதற்காக, முருங்கையை நம்பி வேலையை விட்டவர் யாராவது உண்டா? இணையத்தில் படம் விற்பதும் கொல்லை முருங்கைதான். நட்டு வையுங்கள். காய்க்கும்போது பறியுங்கள்.

பெக்கோக் பெற்றோர்களுக்கு: பிள்ளை கேமரா கேட்டால் கடன் வாங்கிப் பெரிய கேமரா வாங்கித் தராதீர்கள். கடைகள் கேட்கும் அளவு 4 மெகாபிக்சல்தான். இருக்கிற கருவியில் முதல் நூறு படம் எடுக்கட்டும். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் பணமே எடுக்க முடியும். அந்த முதல் 25 டாலரை அவர்கள் தொட எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு அடுத்த முடிவை எடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு: சிங்கப்பூருக்குப் போகாமல் ஊரிலேயே இருக்க ஆசைப்படுகிறீர்களே, அந்த ஆசை நல்ல ஆசை. அதற்கு ஒரு வேலை வேண்டும். கல்யாண வீட்டுப் படம், பள்ளி விழாப் படம், அருவிக்கு வருகிறவர்களைத் தங்க வைக்கும் வீட்டுக்கு விளம்பரப் படம், டுரியான் விற்பவருக்கு அகப்பக்கப் படம் என்று நேரில் கூலி பேசி வாங்கும் வேலை ஒன்று கையில் இருக்கட்டும். அங்கே விலையைச் சொல்வது நீங்கள். அதில் மிஞ்சும் படங்களையும், சம்மதம் வாங்கிய படங்களையும் இணையக் கடையில் போடுங்கள். அங்கே விலையைச் சொல்வது அவர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவன் பிழைத்துக் கொள்வான்.

குடும்பத்தைத் தாங்குவது நேரில் வரும் கூலி, கைச்செலவுக்கு வருவது இணையச் சில்லறை. தீர்ப்பு எழுதும்போது இந்த இரண்டையும் நடுவர் ஐயா தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, இந்தப் பக்கத்து வாதம் நிறைவு பெறுகிறது.